உயிர்ப்புள்ளிக்கு அப்பால்

நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கற்பனை மனிதராக மாறி, பேச்சாலேயே ஒரு கதையைக் கட்டிக்கொண்டு போவதுதான் பாத்திரமேற்பு விளையாட்டு. பலகை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பெரும்பாலும் ஒருவர் ‘கேம் மாஸ்டர்’ ஆக இருப்பார். கதை நடக்கும் உலகத்துக்கும், அதில் எதிர்ப்படும் மற்ற எல்லோருக்கும் அவரே குரல். மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். செய்ய நினைத்தது நடக்குமா என்ற சந்தேகம் வரும் இடத்தில் பகடை உருளும். இதில் யாரும் யாரையும் ஜெயிப்பதில்லை. ஆட்டம் முடிந்து எழுந்திருக்கும்போது மிஞ்சுவது எல்லோரும் சேர்ந்து சொன்ன ஒரு கதை.

இந்த வடிவம் பிறந்தது அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில். பொம்மைப் படைவீரர்களை நிறுத்திப் போர் விளையாடும் குழுக்கள் அங்கே பல இருந்தன. மினியாப்பொலிஸ், செயின்ட் பால் இரட்டை நகரங்களில் டேவிட் வெஸ்லி 1969இல் நடத்திய ‘பிரவுன்ஸ்டைன்’ என்ற ஆட்டத்தில் படைத்தளபதிகளோடு ஊர் மேயருக்கும் பல்கலைக்கழகத் தலைவருக்கும்கூட ஆள் இருந்தது. அந்தக் குழுவைச் சேர்ந்த டேவ் அர்னசன், சுரங்க அறைகளும் பூதங்களும் நிறைந்த ‘பிளாக்மூர்’ என்ற உலகை உருவாக்கினார். விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவில் வாழ்ந்த கேரி கைகாக்ஸ் அதை விதிகளாக எழுதி ஒழுங்குபடுத்தினார். 1974இல் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வெளிவந்தது. ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்கள், விலை 10 டாலர், முதல் அச்சு 1,000 படிகள். இன்று அது ஹாஸ்ப்ரோ நிறுவனத்தின் சொத்து. ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரில் சிறுவர்கள் வீட்டின் அடித்தளத்தில் உட்கார்ந்து ஆடுவதும் அதைத்தான். பலருக்குத் துறையின் பெயரே அதுதான்.

அந்த முதல் பெட்டியின் விதிகள் எவற்றை எண்ணின என்று கவனித்தால் துறை முழுவதும் விளங்கத் தொடங்கும். அவை உடலில் எஞ்சியிருக்கும் உயிர்ப்புள்ளிகளை எண்ணின; மீட்டுவந்த தங்கக் காசுகளை எண்ணின; காசுக்கு ஒன்றாக அனுபவப் புள்ளி கொடுத்தன. உயிர்ப்புள்ளி என்ற கருத்தையே கப்பல் போர் விளையாட்டின் விதிகளிலிருந்து எடுத்ததாக அர்னசன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பல குண்டுகளைத் தாங்கிக்கொண்டு மிதக்கும் கப்பலைப்போல, பல வாள்வீச்சுகளைத் தாங்கிக்கொண்டு நிற்கும் வீரன் அப்படித்தான் பிறந்தான். சுரங்கத்துக்குள் இறங்கு, சண்டையிடு, புதையலோடு மேலே வா என்று யாரும் கட்டளையிடத் தேவையில்லை. விதிநூல் எதற்குக் கணக்கு வைக்கிறதோ அதை நோக்கி ஆட்டக்காரர்கள் தாங்களாகவே நடப்பார்கள். கடந்த ஐம்பது ஆண்டுகளில் வந்த மற்ற விளையாட்டுகளில் சிறந்தவை எல்லாம், எண்ணத் தகுந்தது வேறு ஏதோ இருக்கிறது என்று கண்டுகொண்டவை.

மாற்று முயற்சிகள் உடனே தொடங்கிவிட்டன. அரிசோனா மாநிலத்து பீனிக்ஸ் நகரில் கென் செயின்ட் ஆண்ட்ரே 1975இல் வெளியிட்ட ‘டனல்ஸ் அண்ட் ட்ரோல்ஸ்’, ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ பயன்படுத்திய விசித்திர வடிவப் பகடைகளை விட்டுவிட்டு எல்லா வீட்டிலும் கிடைக்கும் ஆறு முகப் பகடையை மட்டும் வைத்துக்கொண்டது. தனியாக உட்கார்ந்து ஆடக்கூடிய சாகசப் புத்தகங்களை முதலில் தந்ததும் அதுவே.

அதே 1975இல் வந்த ‘எம்பயர் ஆஃப் தி பெட்டல் த்ரோன்’ வேறு தினுசு. அதை எழுதிய எம். ஏ. ஆர். பார்க்கர் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உருது, தெற்காசியவியல் பேராசிரியராக இருந்தவர். ‘டேக்குமெல்’ என்ற அவருடைய உலகில் ஐரோப்பியக் கோட்டைகளும் மாவீரர்களும் கிடையாது. இந்தியா, பழைய எகிப்து, மத்திய அமெரிக்க நாகரிகங்கள் ஆகியவற்றின் சாயல் கொண்ட கோயில்களும் குலங்களும் பதவி அடுக்குகளும் அங்கே இருந்தன. ‘சோல்யானி’ என்ற மொழியையே இலக்கணத்தோடும் எழுத்துருவோடும் அவர் உருவாக்கினார். இந்த உழைப்பைப் பாராட்டும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1991இல் புனைபெயரில் வந்த ஒரு நாஜி ஆதரவு நாவலை எழுதியவர் பார்க்கரே என்பதை, அவருடைய படைப்புகளைக் காக்கும் அறக்கட்டளை 2022இல் ஒப்புக்கொண்டது. அதன்பிறகு டேக்குமெல்லைக் களங்கமில்லாமல் ரசிப்பது எவருக்கும் எளிதாக இல்லை.

மார்க் மில்லரின் ‘டிராவலர்’ 1977இல் மூன்று கறுப்புச் சிறுநூல்களாக வந்தது. விண்வெளியில் நடக்கும் கதை. ஆனால் அதன் புதுமை ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே வந்துவிடுகிறது. பாத்திரம் 18 வயதில் கடற்படையிலோ வணிகக் கப்பலிலோ சேர்கிறது. ஒவ்வொரு நான்கு ஆண்டுப் பணிக்கும் பகடை உருட்டிப் பதவி உயர்வையும் கற்ற திறனையும் குறித்துக்கொள்கிறார் ஆட்டக்காரர். உயிர் பிழைப்பதற்கான உருட்டலும் அதில் உண்டு. அது தவறினால் கதை ஆரம்பிக்கும் முன்பே பாத்திரம் செத்துப்போகும், புதிதாகத் தொடங்க வேண்டியதுதான். 34 வயதுக்குமேல் முதுமை உடலைத் தின்னத் தொடங்கும். இன்னொரு பணிக்காலம் இருந்து இன்னொரு திறனைச் சம்பாதிப்பதா, இருக்கிற உடம்போடு வெளியே வருவதா என்ற தயக்கம் பகடையோடு சேர்ந்து உருளும். மேசைக்கு வரும் பாத்திரம் நரைத்த தலையும் ஓய்வூதியமும் கொண்ட மனிதராக இருப்பது இந்த ஆட்டத்தில் சகஜம்.

அடுத்த ஆண்டு கலிபோர்னியாவின் கேயாசியம் நிறுவனம் ‘ரூன்க்வெஸ்ட்’டை வெளியிட்டது. விதிகளின் முதன்மை ஆசிரியர் ஸ்டீவ் பெர்ரின். கதைக்களமான ‘குளோரான்தா’ கிரெக் ஸ்டாஃபோர்டின் படைப்பு. போர்வீரன், மந்திரவாதி என்ற வகுப்புப் பிரிவினை இதில் இல்லை. ஒவ்வொரு திறனும் நூற்றுக்கு இத்தனை என்ற எண். செய்து பார்த்து வெற்றி பெற்ற திறனுக்கு அருகே ஒரு குறி போட்டுக்கொள்ள வேண்டும். கதையின் ஓர் அத்தியாயம் முடிந்ததும், குறி போட்ட திறனுக்காகப் பகடையை உருட்டி, இப்போதைய எண்ணைவிட அதிகமாக விழுந்தால்தான் அது வளரும். கற்றுக்குட்டிக்கு வளர்ச்சி சுலபம், தேர்ந்தவருக்கு அரிது. எந்தத் தொழிலிலும் கைபழகியவர்கள் அறிந்த உண்மையை ஒரு வரி விதியில் அடக்கிய கெட்டிக்காரத்தனம் அது.

கேயாசியத்தின் மிகப் பெரிய கொடை 1981இல் வந்தது. சாண்டி பீட்டர்சன் வடிவமைத்த ‘கால் ஆஃப் கதுல்ஹு’, எச். பி. லவ்கிராஃப்டின் திகில் கதைகளை மேசைக்குக் கொண்டுவந்தது. இதில் பாத்திரங்கள் நூலகர்கள், பத்திரிகையாளர்கள், பேராசிரியர்கள். காலம் பெரும்பாலும் 1920கள். உயிர்ப்புள்ளி இங்கேயும் உண்டு. ஆனால் ஆட்டக்காரரின் கண் நிற்பது வேறோர் எண்ணில். அது சித்தசுவாதீனம். பிணத்தைக் கண்டால் கொஞ்சம் குறையும், பெயரில்லாத பிராணியைக் கண்டால் நிறையக் குறையும். ஒரே அதிர்ச்சியில் ஐந்து புள்ளிகள் போனால் தற்காலிகமாகப் புத்தி பேதலிக்கலாம்.

இந்த ஆட்டத்தின் ஆழம் அதன் இன்னொரு விதியில் இருக்கிறது. லவ்கிராஃப்டின் கதைகளில் மறைந்துகிடக்கும் பழைய தெய்வங்களைப் பற்றிய அறிவும் ஒரு திறனாகவே எண்ணப்படுகிறது. 99இலிருந்து அந்த அறிவைக் கழித்தால் கிடைப்பதே ஒருவருக்கு இருக்கக்கூடிய உச்சபட்ச சித்தசுவாதீனம். அறிவு 30 என்றால் தெளிவு 69ஐத் தாண்டாது. எந்த ஓய்வும் சிகிச்சையும் அந்த வரம்பை உயர்த்தாது. துப்பறிய வந்தவர்கள் துப்புத் துலக்கியே ஆக வேண்டும், துலக்கத் துலக்க உடைந்துகொண்டே போக வேண்டும். நூலகத்தில் ஒரு தோல் அட்டைப் புத்தகம் கிடைக்கிறது. படித்தால் ஊரைக் காப்பாற்றும் வழி தெரியலாம். பாத்திரத் தாளில் அழித்தழித்து எழுதப்பட்ட எண்ணைப் பார்த்துக்கொண்டே, படிக்கட்டுமா வேண்டாமா என்று நான்கு பேர் விவாதிக்கும் அந்த நிமிடத்துக்கு எந்த டிராகனும் ஈடாகாது. ஜப்பானில் 2010களில் ஆட்டப் பதிவுக் காணொளிகள் வழியாக இளைஞரிடையே பரவிய இந்த விளையாட்டு, அங்கே மிகப் பிரபலமான பாத்திரமேற்பு விளையாட்டுகளில் ஒன்றாகவே ஆகிவிட்டது.

லவ்கிராஃப்டின் எழுத்தில் இனவெறி வெளிப்படையாகவே உண்டு. அதை மூடி மறைக்காமல் எதிர்கொண்ட நூல் கிறிஸ் ஸ்பைவியின் ‘ஹார்லெம் அன்பவுண்ட்’ (2017). 1920களின் நியூயார்க்கில் ஹார்லெம் பகுதியில் வாழ்ந்த கறுப்பின மக்களையே துப்பறிபவர்களாக வைத்து, பூதத்தைவிட நெருக்கத்தில் நிற்கும் பயங்கரம் எது என்று அது காட்டியது.

ஸ்டாஃபோர்ட் 1985இல் எழுதிய ‘பென்ட்ராகன்’ ஆர்தர் மன்னனின் வீரர்களைப் பற்றியது. இதன் பாத்திரத் தாளில் கண்ணில் படுவது குணங்களின் பட்டியல். இரக்கம்–கொடூரம், அடக்கம்–கர்வம், ஈகை–சுயநலம் என்று பதின்மூன்று இணைகள். ஒவ்வொரு இணையின் கூட்டுத்தொகையும் 20. இரக்கம் 16 என்றால் கொடூரம் 4. தந்தையைக் கொன்றவன் வாளைக் கீழே போட்டு மண்டியிடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். இருபது முகப் பகடை உருள்கிறது. 16 அல்லது அதற்குக் கீழே விழுந்தால் வீரன் மன்னித்துவிடுகிறான், ஆட்டக்காரரின் ஆத்திரம் எதுவாக இருந்தாலும் சரி. தவறினால் கொடூரத்துக்கு உருட்டிப் பார்க்க வேண்டும். இரண்டும் தவறினால்தான் முடிவு ஆட்டக்காரர் கைக்கு வரும். ஒருவர் தம் குணத்துக்கு எந்த அளவு எஜமானர் என்ற கேள்வியை இவ்வளவு நேராகக் கேட்ட விளையாட்டு அதற்குமுன் இல்லை. கதையில் ஆண்டுக்கு ஒரு சாகசம்தான் நடக்கும். குளிர்காலம் வந்தால் வீடு திரும்பி, விளைச்சல், திருமணம், பிள்ளைப்பேறு, முதுமை ஆகியவற்றுக்குக் கணக்குப் பார்க்க வேண்டும். ஆர்தர் காலம் முழுவதையும் ஆடிமுடிக்க எண்பது ஆண்டுக் கதை. தாத்தாவாகத் தொடங்கியவர் பேரனாக முடிப்பார்.

1987இல் ஜோனதன் ட்வீட், மார்க் ரைன்-ஹாகன் இருவரும் எழுதிய ‘ஆர்ஸ் மேஜிகா’வும், 1991இல் ரைன்-ஹாகன் தந்த ‘வேம்பயர்: தி மாஸ்கரேட்’டும் அடுத்த திருப்பங்கள். பின்னது அமெரிக்காவில் பெரும் வெற்றி பெற்றது. ரத்தம் குடிக்கும் பாத்திரத்துக்குள் மிச்சமிருக்கும் மனிதத்தன்மையை அது எண்ணியது.

ஆங்கிலத்துக்கு வெளியே நடந்தவை இந்தத் துறையின் வரலாற்று நூல்களில் அடிக்கடி ஓரத்துக்குப் போய்விடுகின்றன. ஜெர்மனியில் உல்ரிச் கீசோவ் உருவாக்கி 1984இல் வெளிவந்த ‘தாஸ் ஷ்வார்ட்சே ஆகே’, அந்நாட்டில் அமெரிக்க ஆட்டத்தையே பின்னுக்குத் தள்ளியது. அதன் கற்பனைக் கண்டமான அவெண்டூரியனுக்குத் தனிச் செய்தித்தாளே அச்சாகி வந்திருக்கிறது. ஆட்டக்காரர்கள் மேசையில் ஆடும் காலத்தோடு அந்த உலகின் அரசியலும் நகரும். சுவீடனில் ‘ட்ராகார் ஒக் டெமோனெர்’ 1982இல் கேயாசியத்தின் விதிகளை அடிப்படையாகக் கொண்டு வந்ததால், அந்நாட்டுத் தலைமுறை ஒன்று அந்த விதிகளின் வழியாகவே இந்தக் கலையைக் கற்றது.

சுவீடனின் பிற்காலப் படைப்புகளில் ‘டேல்ஸ் ஃப்ரம் தி லூப்’ (2017) தனித்து நிற்கிறது. சீமோன் ஸ்டோலன்ஹாக்கின் ஓவியங்களிலிருந்து பிறந்தது அது. பனி படிந்த வயலில் துருப்பிடித்த ராட்சத இயந்திரம், பக்கத்தில் சைக்கிளோடு நிற்கும் பிள்ளைகள். பாத்திரங்கள் 1980களில் வாழும் 10 முதல் 15 வயதுச் சிறுவர் சிறுமியர். உடல், மூளை போன்ற தன்மைகளுக்குப் பங்கிட்டுக்கொள்ளக் கிடைக்கும் புள்ளிகள் பிள்ளையின் வயதுக்குச் சமம்; அதிர்ஷ்டப் புள்ளிகளோ 15இலிருந்து வயதைக் கழித்தால் வருவது. பத்து வயதுப் பிள்ளைக்குத் திறமை குறைவு, அதிர்ஷ்டம் ஐந்து. பதினைந்து வயதுக்குத் திறமை நிறைய, அதிர்ஷ்டம் பூச்சியம். வளர்வது என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் துல்லியமான கணக்கு கிடைப்பது கடினம். இந்த ஆட்டத்தில் பிள்ளைகள் சாகவே மாட்டார்கள் என்பதும் விதி.

ஜப்பானில் இந்தக் கலை பரவிய விதமே தனி. 1986இல் ‘காம்ப்டிக்’ என்ற கணினி இதழ், ஒரு குழு ஆடிய ஆட்டத்தின் உரையாடலை நாடகப் பிரதிபோல எழுத்தில் வெளியிட்டது. அதுதான் ‘ரெக்கார்ட் ஆஃப் லோடோஸ் வார்’. ரியோ மிசுனோ அதை நாவலாக்கினார், பிறகு அனிமே ஆயிற்று. ஆட்டத்தை எழுத்தில் படிக்கும் ‘ரீப்ளே’ என்ற இலக்கிய வகையே அங்கே உருவாகிவிட்டது. குரூப் எஸ்என்இ தந்த ‘சோர்ட் வேர்ல்ட்’ (1989) கையடக்கப் பதிப்பாக, கடையில் நாவல் வாங்குவதுபோல வாங்கக்கூடியதாக வந்தது. அதற்கு வேண்டியது ஆறு முகப் பகடை மட்டும். லூடோப் பெட்டியில் இருக்கும் பகடையே போதும் என்ற இந்த எளிமை, இருபது முகப் பகடை கிடைக்காத எந்த ஊருக்கும் பொருந்தும்.

அட்சுஹிரோ ஒகாடாவின் ‘ரியூதாமா’ (2007) விவசாயி, வணிகர், கைவினைஞர், பாணர் போன்ற சாதாரண மக்கள் வாழ்வில் ஒருமுறையாவது மேற்கொள்ளும் நெடும்பயணத்தைப் பற்றியது. காலையில் எழுந்ததும் உடல்நிலைக்கு ஓர் உருட்டல். பிறகு மழையா வெயிலா, மலையா சதுப்பா என்று பார்த்து நடைக்கு ஓர் உருட்டல். நல்ல செருப்பும் குடையும் வாளைவிட முக்கியம். இதில் டிராகன் உண்டு, எதிரியாக இல்லை: கேம் மாஸ்டருக்கே ஒரு டிராகன்–மனிதப் பாத்திரம் தரப்பட்டிருக்கிறது, பயணிகளின் கதையைக் குறிப்பெடுத்து டிராகனுக்கு உணவாக ஊட்டுவது அதன் வேலை. ரியோ காமியாவின் ‘கோல்டன் ஸ்கை ஸ்டோரீஸ்’ (2006) இன்னும் மென்மையானது. ஜப்பானியச் சிற்றூர் ஒன்றில் மனிதப் பிள்ளைகளாக உருமாறத் தெரிந்த நரி, பூனை, முயல் ஆகியவையே பாத்திரங்கள். பகடை இல்லை, சண்டை இல்லை. ஒருவர் செய்தது இன்னொருவரின் மனத்தைத் தொட்டால் அவருக்கு ஒரு ‘கனவு’ப் புள்ளி கொடுக்கலாம்; உறவை வளர்க்க அதுவே நாணயம்.

2000த்துக்குப் பிறகு அமெரிக்காவில் சுயமாகப் பதிப்பிக்கும் வடிவமைப்பாளர்கள் ஓர் இயக்கமாகவே திரண்டார்கள். ரான் எட்வர்ட்ஸ் முன்னின்று நடத்திய ‘தி ஃபோர்ஜ்’ என்ற இணைய மன்றம் அவர்களுக்குப் பட்டறையாக இருந்தது. அங்கே பேசப்பட்ட கோட்பாடுகள் பல இன்று பழசாகிவிட்டன, படைப்புகள் பழசாகவில்லை. பால் செகேயின் ‘மை லைஃப் வித் மாஸ்டர்’ (2003) பைத்தியக்கார எஜமானுக்கு ஊழியம் செய்யும் கூனர்களையும் ஊமைகளையும் பற்றியது. தாளில் உள்ள எண்கள் மூன்று: தன்வெறுப்பு, களைப்பு, அன்பு. அன்பு போதிய அளவு வளர்ந்த ஒருவரால்தான் எஜமானை எதிர்க்க முடியும்.

இந்த ஓட்டத்தின் உச்சம், வின்சென்ட் பேக்கரும் மெகுவே பேக்கரும் 2010இல் தந்த ‘அபோகலிப்ஸ் வேர்ல்ட்’. உலகம் அழிந்த பின்னர் எஞ்சியவர்களின் கதை. கேம் மாஸ்டர் பகடையைத் தொடுவதே இல்லை. ஆட்டக்காரர் ஆறு முகப் பகடைகள் இரண்டை உருட்டுகிறார். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் நினைத்தது நடக்கும். 6 அல்லது அதற்குக் கீழே என்றால் கேம் மாஸ்டர் கதையைத் திருப்பலாம். நடுவில் உள்ள 7, 8, 9 தான் இந்த ஆட்டத்தின் இதயம்: நடக்கும், ஆனால் விலை கொடுக்க வேண்டும். இரண்டு பகடைகள் விழக்கூடிய 36 விதங்களில் 15 இந்த நடுப்பகுதியில் விழுகின்றன. எரியும் கிடங்கிலிருந்து தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஒருத்திக்கு 8 விழுகிறது. கேம் மாஸ்டர் சொல்கிறார்: வெளியே வந்துவிடலாம், ஆனால் தண்ணீர்ப் பீப்பாயை விட்டுவிட்டால்தான். தம்பியா, ஊருக்கே ஒரு வாரத்துக்கான தண்ணீரா? பழைய ஆட்டங்களில் வெற்றிக்கும் தோல்விக்கும் இடையே வெறும் கோடு இருந்தது. இங்கே அந்தக் கோடு ஒரு நிலமாக விரிந்து, கதை பெரும்பாலும் அங்கேயே வாழ்கிறது. இந்த முறையைக் கடன்வாங்கி நூற்றுக்கணக்கான விளையாட்டுகள் வந்துவிட்டன. ஏவரி ஆல்டரின் ‘மான்ஸ்டர்ஹார்ட்ஸ்’ இதைப் பதின்ம வயதுக் காதலுக்குப் பயன்படுத்தியது. ஜான் ஹார்ப்பரின் ‘பிளேட்ஸ் இன் தி டார்க்’ (2017) இதே வேரிலிருந்து கிளைத்துத் திருடர் கூட்டத்தின் கதையைச் சொல்கிறது. அதில் திட்டம் போட்டுப் பொழுது கழிக்கத் தேவையில்லை. மாட்டிக்கொண்ட இடத்தில், இதற்காகவே காவலாளிக்கு நேற்றே பணம் கொடுத்தேன் என்று முன்கதையைச் சொல்லி, அதற்கு மன அழுத்தப் புள்ளிகளால் விலை கொடுக்கலாம்.

கேம் மாஸ்டரே வேண்டாம் என்று சொன்னவையும் உண்டு. ஜேசன் மார்னிங்ஸ்டாரின் ‘ஃபியாஸ்கோ’ (2009) கோயன் சகோதரர்களின் படங்களைப்போல, சாமானியர்கள் பேராசையால் எல்லாவற்றையும் பாழாக்கும் கதைகளைத் தரும். ஏவரி ஆல்டரின் ‘தி க்வயட் இயர்’ (2013) அதைவிட அமைதியானது, பாதிப்பில் அதைவிட ஆழமானது. பேரழிவுக்குப் பின் ஒரு சிறு சமூகத்துக்கு ஓராண்டு அமைதி கிடைத்திருக்கிறது. யாருக்கும் தனிப் பாத்திரம் இல்லை. நடுவில் வெள்ளைத் தாள், அதில் எல்லோரும் சேர்ந்து ஊரின் வரைபடத்தை வரைகிறார்கள். சீட்டுக்கட்டின் 52 சீட்டுகளும் 52 வாரங்கள், நான்கு இனங்களும் நான்கு பருவங்கள். ஒவ்வொரு வாரமும் ஒரு வேலையைத் தொடங்கலாம், புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கலாம், அல்லது கூட்டம் போட்டுப் பேசலாம். கூட்டத்தில் ஆளுக்கு ஒருமுறைதான் வாய்திறக்க அனுமதி. முடிவு எட்டாமலேயே கூட்டம் கலையும். தம்மைக் கேட்காமல் ஏதோ நடந்துவிட்டது என்று வருந்துபவர் ஒரு மனக்கசப்பு வில்லையை எடுத்துத் தம் முன்னே வைத்துக்கொள்வார், காரணம் சொல்ல மாட்டார். ஆட்டம் போகப்போகச் சிலர் முன்னால் வில்லைகள் குவிவதை எல்லோரும் பார்த்துக்கொண்டே கிணறு வெட்டுவார்கள். குளிர்காலச் சீட்டுகளுக்கு நடுவே ஸ்பேட் ராஜா வந்தவுடன் ஆண்டு முடிந்தது, ஆட்டமும் முடிந்தது. பாதி கட்டிய பாலம் தாளில் பாதியாகவே நிற்கும்.

பகடைக்குப் பதிலாக வேறு பொருளை வைத்தாலே ஆட்டத்தின் மனநிலை மாறிவிடும். எபிடையா ரவாச்சல் எழுதிய ‘ட்ரெட்’ (2005) ஜெங்கா கோபுரத்தை வைத்து ஆடப்படுவது. ஆபத்தான எதைச் செய்தாலும் ஒரு மரக்கட்டையை உருவ வேண்டும். கோபுரம் யார் கையில் சாய்கிறதோ அவருடைய பாத்திரம் அத்தோடு சரி. விரல் நடுங்குவது ஆட்டக்காரருடையதா, பாத்திரத்துடையதா என்று பிரிக்க முடியாமல் போகிறது. ஸ்டீபன் டுவியின் ‘டென் கேண்டில்ஸ்’ (2015) இருட்டறையில் பத்துச் சிறு மெழுகுவர்த்திகளோடு தொடங்கும். தொடங்குமுன் ஒவ்வொருவரும் தம் பாத்திரத்தின் குரலில் ஒரு செய்தியைப் பதிவு செய்கிறார்கள். எத்தனை திரி எரிகிறதோ அத்தனை பகடை; காற்றில் ஒன்று அணைந்தாலும் அணைந்ததுதான், காட்சி முடிந்தது. கடைசித் திரியும் அணைந்தபின் எல்லாப் பாத்திரங்களும் இறந்துவிடும் என்பது ஆரம்பத்திலேயே எல்லோருக்கும் தெரியும். பிறகு அந்த இருட்டில் பதிவுகள் ஒலிக்கின்றன. தப்பிக்க முடியும் என்று நம்பி, சில மணி நேரத்துக்கு முன் பேசிய குரல்கள்.

தனியாக ஆடுபவருக்கு டிம் ஹட்சிங்ஸின் ‘தவுசண்ட் இயர் ஓல்ட் வேம்பயர்’ இருக்கிறது. சாகாத ஒருவரின் நூற்றாண்டுகளை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே போக வேண்டும். நினைவுக்கு இடம் ஐந்து. ஒவ்வொன்றிலும் மூன்று அனுபவங்கள் மட்டும். நிரம்பிவிட்டால் பழைய நினைவு ஒன்றை அடித்துவிட வேண்டும், அல்லது நாட்குறிப்புக்கு மாற்ற வேண்டும். அந்த நாட்குறிப்பும் தொலைந்துபோகலாம். தாயின் பெயரை அடித்துவிட்டு நேற்றைய பகையை எழுதிக்கொள்ளும் கட்டம் எப்படியும் வரும். சொந்தப் பேனாவால் அந்தக் கோட்டை இழுப்பது, கதையில் படிக்கும் மறதியைவிட அதிகமாக வலிக்கிறது.

விலை ஒரு தடையாக இருக்கக்கூடாது என்று நினைத்தவர்களையும் சொல்ல வேண்டும். ஷான் டாம்கின் தம் ‘அயர்ன்ஸ்வோர்ன்’ (2018) நூலின் மின்வடிவத்தை இலவசமாகவே தருகிறார். ஜான் ஹார்ப்பரின் ‘லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ்’ ஒரே தாள். 2 முதல் 5 வரை ஓர் எண்ணைத் தேர்ந்தால் பாத்திரம் தயார். அறிவால் செய்யும் காரியத்துக்கு அதற்குக் கீழும், உணர்ச்சியால் செய்வதற்கு அதற்கு மேலும் பகடை விழ வேண்டும். ஒன்றில் தேர்ந்தவர் மற்றதில் தடுமாறியே தீருவார்.

யாருடைய உலகம் மேசைக்கு வருகிறது என்பதும் மாறிவருகிறது. செரோக்கி இனத்தைச் சேர்ந்த கானர் அலெக்ஸாண்டர் தலைமையில் பூர்வகுடி எழுத்தாளர்களும் ஓவியர்களும் உருவாக்கிய ‘கயோட்டி அண்ட் க்ரோ’ (2022), ஐரோப்பியர் காலடி படாத வட அமெரிக்காவின் எதிர்காலத்தைக் கற்பனை செய்தது. கூட்டுநிதியில் அதற்குப் பத்து லட்சம் டாலருக்குமேல் திரண்டது. பெஞ்சமின் ரோசன்பாமின் ‘ட்ரீம் அபார்ட்’, கிழக்கு ஐரோப்பிய யூதச் சிற்றூர்களின் வாழ்வையும் அவற்றின் பேய்க்கதைகளையும் பேசுகிறது.

பேச்சால் ஆன இந்தக் கலை பேச்சையே எண்ணத் தொடங்கியதுதான் இதுவரை அது எட்டிய தொலைதூரம். கேத்ரின் ஹைம்ஸ், ஹகான் சேயாலியோகுலு இருவரின் ‘தார்னி கேம்ஸ்’ வெளியிட்ட ‘டயலெக்ட்’ (2018), உலகிலிருந்து விலகித் தனித்து வாழும் ஒரு குழுவின் மொழியைப் பற்றியது. செவ்வாயில் ஒரு குடியிருப்பாக இருக்கலாம், மலைமேல் ஒரு மடமாகவும் இருக்கலாம். ஆட்டக்காரர்கள் கதையின் ஒவ்வொரு காலகட்டத்திலும் தேவைக்கேற்பச் சொற்களை உருவாக்கி, அந்தச் சொற்களைக்கொண்டே காட்சிகளைப் பேசுகிறார்கள். வாழ்த்துக்கு ஒரு சொல், துக்கத்துக்கு ஒரு சொல், வெளியாளைக் குறிக்க ஒரு சொல். மூன்றாம் காலகட்டம் முடியும்போது குழுவின் தனிமை குலைகிறது, மொழி சாகிறது. இரண்டு மணி நேரத்துக்குமுன் இல்லாத ஒரு சொல்லுக்காக மேசையில் இருப்பவர்கள் கண்கலங்குவது உண்டு.

அதே இருவரின் ‘சைன்’ எதிர்த்திசையில் செல்கிறது. நிகராகுவாவில் 1970கள் வரை காது கேளாதோருக்குப் பொதுவான மொழி இருக்கவில்லை. வீட்டுக்கு வீடு தனித்தனிச் சைகைகள்தான். 1977இல் மனாகுவா நகரின் சிறப்புப் பள்ளியில் சுமார் ஐம்பது பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்தார்கள். வகுப்பில் அவர்களுக்கு ஸ்பானிய மொழியை உதட்டசைவிலிருந்து படிக்கக் கற்றுத்தரப்பட்டது. விளையாட்டுத் திடலிலும் பேருந்திலும் அவர்களோ தங்களுக்குள் ஒரு புது மொழியையே படைத்துவிட்டார்கள். அந்த முதல் வகுப்பின் பிள்ளைகளாக ஆட்டக்காரர்கள் அமர்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் உள்ளுக்குள் சொல்ல ஓர் உண்மை இருக்கிறது, சொல்லத்தான் மொழியில்லை. அதன்பின் ஆட்டம் முழுக்க ஒரு வார்த்தை பேசக்கூடாது, உதடு அசையக்கூடாது. ஒவ்வொருவராக ஒரு சைகையைக் கண்டுபிடித்து மற்றவர்களுக்குக் கற்பிக்கிறார்கள்; மற்றவர்கள் திரும்பச் செய்து காட்டுகிறார்கள். புரியவில்லை, அல்லது சொல்ல நினைத்ததை விட்டுக்கொடுத்துச் சொல்லக்கூடியதை மட்டும் சொல்லிவிட்டோம் என்று தோன்றும் ஒவ்வொரு முறையும் தம் கையிலேயே பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். பகடை இல்லை, உயிர்ப்புள்ளி இல்லை, கேம் மாஸ்டர் சொல்லும் கதையும் இல்லை. ஆட்டம் முடிந்து எல்லோரும் மறுபடி பேசத் தொடங்கும்போது, கைகளில் மை காயாத அந்தக் கோடுகள் இருக்கும்.